புத்தளக் கரையோர முதியோரின் தனிமை

ஒக்டோபர் முதலாம் திகதியை சர்வதேச முதியோர் தினமாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பிரகடனம் செய்தது 1990 டிசம்பர் 14ஆம் திகதியாகும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், அதே ஆண்டின் ஒக்டோபர் மாதத்தில், வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் தமது தாயகத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தனர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மாத்திரமே. வெளியேற்றப்பட்டோர் தொகை ஏறத்தாழ 75,000 எனக் கணிக்கப்படுகின்றது. அவர்களுள் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தை வந்தடைந்தனர். மன்னார்த் தீவைச் சேர்ந்த பலர் படகேறிக் கற்பிட்டியில் கரையிறங்கினர். அன்று நாற்பது வயதிலிருந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியவர்.

முதியோர் இல்லங்களைப் பற்றியும் அங்குள்ளோரின் தோழமையைப் பற்றியும் எழுத முற்படும்போது நாம் இந்த மக்களிலிருந்து ஆரம்பிப்பதற்குக் காரணம் உண்டு. முதுமையில் ஒருவர் எங்கே சொந்தம் கொண்டாடுகின்றார் என்னும் வினாவுக்கு இந்தக் கரை வித்தியாசமானதொரு விடையை வைத்திருக்கின்றது.

புத்தளத்து மக்கள் 1990இல் தமது பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வந்தவர்களுக்காகத் திறந்துவிட்டனர். பின்னர் ஆலங்குடா, பாலாவி, தில்லையடி போன்ற இடங்களில் எழுந்த கிடுகுக் குடிசைகளில் ஓரூரவர் பலவிடங்களில் ஒன்றாகவே தங்கினர். குடிநீருக்கும் மலசலகூடத்துக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்த அந்த வாழ்க்கையை எவரும் புகழ முடியாது. ஆயினும் அங்கே முதியவருக்கு ஒன்று கைவிட்டுப் போகவில்லை. தன் தந்தையின் பெயரைச் சொல்லித் தன்னை அடையாளங்காணக்கூடிய அயலவர் பக்கத்துக் குடிசையில் இருந்தார். தொழுகை முடிந்து பேசிக்கொண்டிருக்க ஊரைத் தெரிந்தவர் நால்வர் இருந்தனர். வசதியான இல்லங்கள் பலவற்றில் பெரும் பொருட்செலவிலும் கிடைக்காதது இதுவேயாகும்.

2007இல் உலக வங்கியின் உதவியுடன் ஆரம்பமான வீடமைப்புத் திட்டம் கிடுகுகளின் இடத்தில் கல்வீடுகளைக் கொண்டுவந்தது. 2009இல் யுத்தம் முடிவுற்றது. இதன் பின்னரே புதியதொரு சிக்கல் தோன்றியது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புத்தளத்தில் படித்து, தொழில் தேடி, திருமணம் முடித்து வேரூன்றிவிட்டனர். முதியவர்களுள் பலருக்கோ எருக்கலம்பிட்டியும் முசலியும் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவுமே ஊராக இருந்தன. இதனால் ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. காணியைப் பராமரிக்கத் திரும்பிச் சென்ற முதியவர் அங்கு தனித்தார். செல்லாமல் தங்கியவரோ, பழைய அயலவர் ஒவ்வொருவராகப் புறப்பட்டுப்போக இங்கு தனித்தார். மீள்குடியேற்றம் என்பது ஒரு நாளில் முடிந்துவிடும் பயணம் எனக் கருதிய நிர்வாகம் இதனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அரசாங்கத்தின் பதிவேடுகள் ஒரு மனிதரை ஓரிடத்திற்குரியவராகவே காண்கின்றன. வாக்காளர் இடாப்பு, கிராம உத்தியோகத்தரின் பதிவு, நலன்புரிக் கொடுப்பனவு யாவும் வதிவிடத்தையே ஆதாரமாகக் கொள்கின்றன. இடம்பெயர்ந்தோர் தமது பூர்வீக இடங்களில் வாக்காளராகப் பதிவதற்கு 2013இல் நிறைவேற்றப்பட்ட விசேட சட்டமும் தற்காலிக ஏற்பாடாகவே அமைந்தது. 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பதற்காகப் புத்தளத்திலிருந்து மன்னார் நோக்கிச் சென்ற பஸ் வண்டிகள் தந்திரிமலைப் பகுதியில் கல்வீச்சுக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் இலக்காகின. ஊரில் தமக்குள்ள உரிமையை ஒரு புள்ளடியின் மூலம் நிலைநாட்ட அவர்கள் கொடுக்க வேண்டியிருந்த விலை அது.

இதே மாவட்டத்தின் தென்கரையில் நிலைமை முற்றிலும் வேறானது. வென்னப்புவ, மாரவில பகுதிகளிலிருந்து பல தசாப்தங்களாக மக்கள் இத்தாலிக்குச் சென்று உழைக்கின்றனர். அந்தப் பணத்தில் எழுந்த மாடி வீடுகளை வீதியால் செல்வோர் வியந்து பார்ப்பர். உள்ளே வயோதிபப் பெற்றோர் இருவர், சிலவேளை ஒருவர், தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருப்பதை வீதியில் நின்று காண முடியாது. வடகரையில் முதியவர் துரத்தப்பட்டு வந்தார், தென்கரையில் பிள்ளைகள் விரும்பிப் போயினர். தனிமை இரு இடத்திலும் குடியேறியுள்ளது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகள் மீது சுமத்துகின்றது. ஆதரவற்ற முதியோருக்கு வதிவிட வசதி அளிக்கும் பொறுப்பை அரசின் மீது சுமத்துகின்றது. பராமரிப்புப் பணம் கோரி முறையிடச் சபையொன்றையும் ஏற்படுத்தியது. எழுபது வயதைக் கடந்த வறியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இவை யாவும் வரவேற்கத்தக்கன. ஆனால் சட்டம் அறிந்த முதியவர் வறியவர் அல்லது கைவிடப்பட்டவர். பிள்ளை மாதந்தோறும் பணம் அனுப்பியும் பேச்சுத்துணையின்றி இருப்பவரை அது அறியாது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டுள்ளதாகவும், ஆண்டொன்றில் 8,71,000க்கு மேற்பட்ட மரணங்களுடன் அது தொடர்புபட்டுள்ளதாகவும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆணைக்குழு 2025இல் தெரிவித்தது. எனவே இதனை வெறும் மனக்குறை என ஒதுக்கிவிட இயலாது.

பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது நமது சமூகங்களில், தமிழரோ முஸ்லிமோ சிங்களவரோ எவராயினும், இன்னமும் அவமானமாகவே கருதப்படுகின்றது. அந்த அவமான உணர்வு பெற்றோருக்கு உண்மையில் எவ்வளவு உதவுகின்றது என்பதில் எமக்குச் சந்தேகம் உண்டு. ஊரார் பேச்சுக்கு அஞ்சி வீட்டின் பின்னறையில் தனியே விடப்பட்டவரை விட, இல்லமொன்றில் சமவயதினருடன் சண்டையிட்டுச் சமாதானமாகிக் காலங்கழிப்பவர் பாக்கியசாலி. அதேவேளை, தெரியாத மொழி பேசுவோர் மத்தியில், தன் உணவும் வழிபாடும் இல்லாத தொலைதூர இல்லத்தில் ஒருவரைச் சேர்ப்பது அவரை மீண்டுமொரு தடவை இடம்பெயரச் செய்வதாகும். அதனை ஏற்கெனவே ஒரு தடவை அனுபவித்தவர்களுக்கு அதன் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே, புத்தளக் கரைக்கு உடனடித் தேவை பெருங்கட்டிடங்கள் அல்ல. பகலில் கூடியிருந்து மாலையில் வீடு திரும்பக்கூடிய நிலையங்கள், கற்பிட்டி முதல் வென்னப்புவ வரை, நடந்து செல்லும் தூரத்தில் அமைய வேண்டும். கிராம மட்ட முதியோர் சங்கங்களில் பூர்வீக வாசியும் இடம்பெயர்ந்து வந்தவரும் ஒன்றாக அங்கம் வகிக்க வழிசெய்யப்பட வேண்டும். வந்தோரை வரவேற்ற புத்தளத்தவரும் நீருக்கும் பாடசாலை இடத்துக்கும் நெருக்கடிப்பட்டே முதுமையடைந்துள்ளனர் என்பதை மறக்கலாகாது. ஆறு மாதம் முசலியிலும் ஆறு மாதம் ஆலங்குடாவிலும் வாழ விரும்பும் முதியவரின் கொடுப்பனவும் கிளினிக் பதிவும் அவருடனேயே பயணஞ்செய்யுமாறு மன்னார், புத்தளம் மாவட்டச் செயலகங்கள் தமக்குள் உடன்பாடு காண வேண்டும். இதற்குப் பெருநிதி தேவைப்படாது. இரு செயலகங்களும் ஒரு மேசையில் அமர்ந்தால் போதும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருக்கும் அந்தத் தலைமுறையின் எண்ணிக்கையோ ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றது.