எறிவதும் பேணுவதும்

இல்லத்தைத் துப்புரவாக வைத்தலைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் எழுதுவதா என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். விளக்குமாறும் தும்புத்தடியும் முற்றத்துக்கும் குசினிக்கும் உரியவை. பேனாவும் ஏடும் படிப்பறைக்கு உரியவை என்று நாம் இரண்டையும் வேறு வேறாக வகுத்து வைத்துள்ளோம். இந்த வகுப்பு பிழையானது. ‘பேணுதல்’ என்னும் சொல்லுக்குக் காத்தல் என்றும் பொருள் உண்டு. விரும்பிப் போற்றுதல் என்றும் பொருள் உண்டு. காப்பதும் போற்றுவதும் ஒரே தொழில் என்று கண்ட மொழி நமது மொழி. அந்தத் தொழிலை நாம் இன்று எவ்வாறு நடத்துகிறோம் என்று எண்ணிப் பார்ப்பது மொழியைப் படிப்போர்க்கும் படிப்பிப்போர்க்கும் புறம்பான வேலையன்று.

தைப்பொங்கலுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முந்திய வாரத்தில் யாழ்ப்பாணத்து வளவுகளைச் சுற்றி வந்தால் ஓர் உண்மை புலப்படும். எங்கும் கூட்டுகிறார்கள், எங்கும் புகை எழுகிறது. ஆயினும் எறியவேண்டியவை கோடியில் அப்படியே கிடக்கின்றன. பேணவேண்டியவை நெருப்புக்கு இரையாகின்றன. தகரப் பேணியும் உடைந்த பிளாத்திக்கு வாளியும் ‘ஒருநாளைக்கு உதவும்’ என்று கொட்டிலின் பின்புறத்திலே தஞ்சம் பெறுகின்றன. பாட்டனாரின் கையெழுத்துக் கட்டோ ‘கறையான் பிடித்த குப்பை’ என்று பெயர் பெற்றுத் தீயிலே விழுகின்றது. துப்புரவு என்பது எறிதல் அன்று, பிரித்தறிதல். பிரித்தறியும் அறிவில்லாத துப்புரவு ஒருவகை அழிவே.

முதலில் எறியவேண்டியவற்றைப் பார்ப்போம். சிரட்டை, பழைய ரயர், மூடியில்லாப் போத்தல், பூச்சட்டியின் கீழ்த் தட்டு, இலை அடைத்த பீலி ஆகியவை மழைக்காலத்தில் டெங்கு நுளம்பின் தொட்டில்களாகும். இந்நுளம்பு சேற்று நீரை நாடிப் போவதில்லை. நம் வீட்டருகே தேங்கிய தெளிந்த நீரையே விரும்புகிறது. நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரிலே முட்டையை ஒட்டி வைக்கிறது. அம்முட்டை நீரின்றிப் பல மாதங்கள் கிடந்தும் உயிரோடிருக்கும். அடுத்த மழைத்துளி பட்டதும் பொரிக்கும். ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும். ஆகவே நீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தை உரஞ்சிக் கழுவ வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் நுளம்பின் பரம்பரை அறுபடும்.

இது சிறு காரியம் என்று எண்ணுவோர் 2017ஆம் ஆண்டை நினைவுகூர்தல் வேண்டும். அவ்வொரே ஆண்டில் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர் எனப் பதிவாயிற்று. 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் நுளம்பு பெருகும் இடங்களை அகற்றும் கடமையை வளவின் உரிமையாளர்மீதும் அங்கே குடியிருப்போர்மீதும் சுமத்தியுள்ளது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சிக் கவிழ்க்கப்படும் சிரட்டை, பரிசோதகர் படலையைத் தாண்டியதும் மறுபடி நிமிர்ந்துவிடும். அயலாரின் பிள்ளையும் நம் பிள்ளையே என்ற எண்ணத்தால் கவிழ்க்கப்படும் சிரட்டையே கவிழ்ந்தபடி கிடக்கும். நம் வளவிலே பிறந்த நுளம்பு வேலியைக் கண்டு திரும்பிப் போவதில்லை.

அடுத்து முற்றம். மண் முற்றத்தை விடியற்காலையிலே கூட்டித் தண்ணீர் தெளிப்பது நம்மவர் வழக்கம். இன்று அந்த முற்றங்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. சீமெந்து பூசுவதும், பொருத்துக் கற்கள் பரப்புவதும் நாகரிகமாகவும் துப்புரவாகவும் கருதப்படுகின்றன. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் முதலில் மதில் எழுகிறது. பின்னர் முற்றம் மூடப்படுகிறது. கூட்டும் சிரமம் குறைகிறது என்பது மெய். ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றில்லை. பெய்யும் மழை மண்ணுள் இறங்கிச் சுண்ணாம்புக் கற்பாறையின் இடுக்குகளில் தங்குவதாலேயே நம் கிணறுகளில் நன்னீர் ஊறுகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள்ளேயே பெய்து முடிந்துவிடுகிறது. அந்த நீரை உறிஞ்சும் வாயைச் சீமெந்தால் அடைத்துவிட்டுப் பங்குனி வெயிலிலே கிணறு வற்றுகிறது என்று வருந்துவதில் நியாயம் யாது? நடைபாதைக்கு வேண்டிய அளவு கல் பரப்புக. எஞ்சிய முற்றத்தை மண்ணாக விடுக. மண் அழுக்கன்று.

இலைச் சருகும் அவ்வாறே குப்பையன்று. மாவிலையையும் பலாவிலையையும் கூட்டி எரிப்பதில் நாம் காட்டும் உற்சாகம் வியப்புக்குரியது. அயலிலே இழுப்பு நோயாளர் இருக்கிறாரா, கைக்குழந்தை இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை. நம் முன்னோர் பூவரசங் குழையை வெட்டி வயலிலே தாழ்த்தினர். பழைய பனையோலையைத் தோட்டத்திலே புதைத்தனர். வேலிக்கு நட்ட கிளுவையும் முள்முருங்கையும் எல்லையும் காத்தன, ஆட்டுக்கு உணவும் ஈந்தன, மண்ணுக்குப் பசளையுமாயின. வளவின் ஒரு மூலையில் இரண்டு முழ ஆழத்துக்கு ஒரு கிடங்கு வெட்டிச் சருகையும் காய்கறிக் கழிவையும் மாட்டெருவையும் மாறி மாறிப் பரப்பி ஈரங் காத்து வந்தால், சில மாதங்களில் கறுத்த பசளை கிடைக்கும். அதைக் கொண்டு கத்தரியும் வெண்டியும் வளர்க்கலாம். எரித்தால் கிடைப்பது ஒரு பிடி சாம்பலும் அயலவரின் இருமலுமே.

வீட்டின் உடலைப் பேணுவதற்கும் காலம் உண்டு. கூரையைப் பற்றி மழை வந்தபின் நினைப்பது, நோய் முற்றியபின் வைத்தியரைத் தேடுவது போன்றது. ஆவணியிலும் புரட்டாதியிலும் ஏணி சார்த்தி, உடைந்த ஓட்டை மாற்றி, பீலியிலே அடைந்த சருகை அள்ளி, கூரைமீது சாய்ந்த கிளையைத் தறித்துவிட வேண்டும். ஓர் ஓடு விலகிய இடத்தில் ஒழுகும் நீர் முதலில் சிலாகையை நனைக்கும். பின்பு கைமரத்தை உழுக்கச் செய்யும். ஈரமேறிய மரத்தைக் கறையான் நாடும். ஓர் ஓட்டின் விலையை மிச்சம் பிடித்தவர் ஒரு கூரையின் விலையைக் கொடுக்க நேரிடும். சுவரோடு சேர்த்து விறகு அடுக்குதல் கூடாது; கறையான் தன் மண்குழாயைச் சுவரிலே கட்டி ஏறுவதைக் கண்காணாதபடி அவ்விறகு மறைத்துவிடும். சுவரின் அடியை ஒரு முழ அகலத்துக்கேனும் வெளியாக வைத்திருப்பது எளிய காவல்.

இனிப் பேணவேண்டியவற்றுக்கு வருவோம். இக்கட்டுரை எழுந்ததன் முதற் காரணமும் இதுவே.

சிறுப்பிட்டியிலே 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சிலேற்றினார். அவர் அந்நூல்களைக் கண்டெடுத்தது அரண்மனைகளின் களஞ்சியத்திலிருந்து மட்டுமன்று. வீடுகளிலும் மடங்களிலும் கிடந்த ஏட்டுக் கட்டுகளிலிருந்துமாகும். தொட்டால் உதிரும் ஏடுகளைக் கண்டு அவர் நெஞ்சுருகியமையை அவர்தம் பதிப்புரைகள் காட்டும். அக்கட்டுகளுள் ஒன்றை ஒரு வீட்டார் பொங்கலுக்கு வீடு ஒதுக்குகையில் அடுப்பிலே போட்டிருந்தால், நாம் இன்று எதை இழந்தோம் என்பதைத்தானும் அறியாதிருப்போம். அவ்வாறு போனவை எத்தனையோ!

நம் இழப்புகளைப் பிறர்மேல் மட்டும் சுமத்திவிடல் எளிது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் சாம்பராயின. அக்கொடுமையை நாம் மறவோம், மறத்தலும் தகாது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, வீடுகளிலே விட்டுச்சென்ற கடிதங்களும் படங்களும் என்னவாயின என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும் இவற்றையெல்லாம் தப்பி எஞ்சிய தாள்களை இன்று நம் கையாலேயே பழந்தாள் வியாபாரியிடம் நிறுத்துக் கொடுத்தால், அதை எந்த அநியாயத்தின் பெயரால் அழைப்பது? நூலகம் எரிந்ததற்கு அழும் கண்கள் தம் வீட்டு அலுமாரியையும் ஒருமுறை பார்த்தல் வேண்டும்.

பேணத்தக்கவை ஏடுகள் மட்டும் அல்ல. காணி உறுதியில் பழைய ஊர்ப்பெயரும் வளவின் பெயரும் உள்ளன. கோவில் திருவிழா அறிவித்தலில் அக்காலத்து நாதசுர, தவில் வித்துவான்களின் பெயர்கள் உள்ளன. இறந்தாரின் 31ஆம் நாளில் வெளியிடும் ‘கல்வெட்டு’ என்னும் சிறு நூலில் ஒரு குடும்பத்தின் வரலாறும், உள்ளூர்ப் புலவர் ஒருவரின் செய்யுளும் உள்ளன. பாடசாலை மலர், கையெழுத்துச் சஞ்சிகை, நாடக அறிவித்தல், கொழும்பிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த கடிதம் ஆகிய யாவும் வரலாற்றின் கூறுகளே. அரசர்களின் வரலாற்றைக் கல்லிலே தேடலாம். சாதாரண மக்களின் வரலாற்றைத் தாளிலன்றி வேறெங்கே தேடுவது?

பேணும் முறை கடினமானதன்று. தாளைச் சீமெந்து நிலத்திலும் ஈரச் சுவரோரத்திலும் வைக்கலாகாது. துருப்பிடிக்கும் ஊசிகளையும் உருகி ஒட்டும் றப்பர் வளையங்களையும் அகற்ற வேண்டும். காற்றுப் புகாத பொலித்தீன் பையில் ஈரத்தோடு கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெளுத்த பருத்தித் துணியிலே சுற்றி, நிலத்துக்கு மேலே உயர்த்தி வைத்தல் நலம். கடும் வெயிலிலே காய விடுதலும் தீது. நிழற் காற்றே போதும். ஏட்டுச்சுவடியாயின் தாமாக எண்ணெய் பூசித் துடைக்க முற்படாது, அறிந்தவரைக் கேட்பதே தகும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிமத் திட்டம் இத்தகைய நூல்களையும் ஆவணங்களையும் படிமமாக்கி எவரும் இணையத்தில் படிக்கும்படி வைத்து வருகிறது. மூலத்தை வீட்டிலே வைத்துக்கொண்டே அதன் படியை உலகுக்குக் கொடுக்க இன்று வழியுண்டு. தாமோதரம்பிள்ளைக்கு இந்த வாய்ப்பு இருந்ததில்லை.

‘எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் மனிதர் இருக்க இடமெங்கே?’ என்று கேட்பவரும் உளர். கொழும்பிலே இரண்டு அறைகளில் வாழும் குடும்பத்துக்கு இக்கேள்வி நியாயமானதே. அதனாலேயே பிரித்தறிதல் வேண்டும் என்கிறோம். வீட்டுப் பொருளை நான்கு குவியலாக வகுக்கலாம்: எறிவன, கொடுப்பன, திருத்துவன, வைப்பன. ஓராண்டாக உடுத்தாத உடையும், பிள்ளைகள் படித்து முடித்த பாடநூலும் கொடுப்பனவற்றுள் சேரும். கால் ஒடிந்த கதிரையைத் தச்சரிடம் அனுப்புவது திருத்துவனவற்றுள் சேரும். ஒரு மாதத்துக்குள் திருத்தாவிடின் அது திருத்தப்படப்போவதில்லை என்று துணிந்து அகற்றிவிடலாம். கையாலே எழுதப்பட்டதும், ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் தாங்கியதும், இன்னொரு படி இல்லாததும் வைப்பனவற்றுள் சேரும். இக்குவியல் பெரும்பாலும் ஒரு பெட்டிக்கு மேற்படாது. அந்த ஒரு பெட்டிக்கு இடமில்லாத வீடும் உண்டோ?

இன்னொன்றையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. இத்தொழில் முழுவதையும் வீட்டுப் பெண்களின் தலையிலே ஏற்றிவிட்டு, ஆண்கள் வாசலிலே பத்திரிகை படித்திருப்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம். பிள்ளைகள் கடல் கடந்துபோக, முதியவர் இருவர் மட்டும் வாழும் பெரிய வீடுகளும், பூட்டிய படலையோடு பாழடையும் வீடுகளும் இன்று பல. குனிந்து கூட்ட முடியாத மூதாட்டியிடம் துப்புரவைப் போதிப்பதிலே பயனில்லை. அவருக்கு வேண்டியது இரண்டு கைகள்.

அக்கைகள் நம் பாடசாலைகளில் இருக்கின்றன. மாரிமழைக்கு முந்திய புரட்டாதியில் ஒரு சனிக்கிழமையை ஆசிரியர்கள் இதற்கென ஒதுக்கலாம். உயர் வகுப்பு மாணவர் நால்வர் ஐவராகக் கூடித் தம் ஊரின் முதியோர் வீடொன்றுக்குச் செல்க, சிரட்டையைப் பொறுக்குக, பீலியை வழிக்க வளர்ந்தோர் ஏணி பிடிக்குக, பின்னர் அந்த வீட்டாரின் இசைவோடு பழைய பெட்டியைத் திறந்து, அதிலுள்ளவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியிலே நிரைப்படுத்துக. படம் ஒன்றைக் காட்டி ‘இவர் யார்?’ என்று கேட்டால் மூதாட்டி சொல்லும் விடை எந்தப் பாடநூலிலும் கிடையாதது. அவர் மறைந்தபின் அப்படம் பெயரற்ற தாளாகிவிடும். ஆகையால் பெயரைப் படத்தின் பின்புறத்திலே பென்சிலால் மெல்ல எழுதிவைத்தலும் அன்றே ஆகவேண்டிய வேலை.

ஒரு சமூகத்தின் அறிவை அதன் நூல்நிலையங்களால் அளப்பர். அதன் கொல்லைப்புறத்தாலும் அளக்கலாம். சிரட்டையைக் கவிழ்த்து, சருகை மண்ணுக்கு ஈந்து, முற்றத்தை மழைக்குத் திறந்துவிட்டு, எழுதிய தாளை மட்டும் உயரத்தில் எடுத்துவைக்கும் வீடு எந்த ஊரில் உண்டோ, அந்த ஊரிலே குழந்தைகளும் பிழைப்பர், நினைவுகளும் பிழைக்கும். ஐப்பசி மழை எவருக்காகவும் காத்திராது. அதற்கு முன்னே ஏணியையும் பெட்டியையும் வெளியே எடுப்போமாக.