லினக்ஸ் போட்டா மட்டும் போதாது, கூட நாலு பேர் வேணும்

கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் நிர்வாகத்துல இருக்கிறவங்களும் டியூஷன் வகுப்பு நடத்துற தம்பி தங்கச்சிங்களும் கடைசி வரைக்கும் படிச்சா நல்லது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. தனியாகப் பதிவு செய்தால் இன்னும் ஒரு வருஷம் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்று கேட்டால், இன்டெல் கணினியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்கணும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் இருக்கணும். சுங்கை பெசார்ல இருந்து சபாக் பெர்ணம் வரைக்கும், இந்தப் பக்கம் தஞ்சோங் காராங், புக்கிட் ரோத்தான் வரைக்கும், நம்ம கோயில்லயும் தோட்டத்து வீடுகள்லயும் கிடக்கிற மடிக்கணினிங்க எல்லாம் யாரோ ஆபீஸ்ல கழிச்சுக் கொடுத்தது. அதுல பாதிக்கு மேல அந்த வாசப்படியைத் தாண்டாது.

"அதனால என்ன, ஓடுதுல்ல?" என்று கேட்கிற அண்ணன்மார்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் கணினியில என்ன இருக்குன்னு யோசிங்க. உபயதாரர் பேரு, கைபேசி எண்ணு, சில இடத்துல அடையாள அட்டை எண்ணு, பேங்க் கணக்கு. நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது. புதுப்பிப்பு நின்னுபோன கணினியை இணையத்தோட இணைச்சு வச்சுக்கிட்டு அந்தப் பட்டியலையும் அதுலயே வச்சிருக்கிறது, உண்டியல் சாவியை உண்டியல் மேலயே வச்சுட்டுப் போற மாதிரி.

டியூஷன் பிள்ளைங்க விஷயம் இதைவிடப் பெருசு. 2020, 2021-ல வீட்டிலிருந்தே படிக்கச் சொன்னப்போ, ஒரே கைபேசியை மூணு பிள்ளைங்க மாத்தி மாத்திப் பிடிச்சுப் படிச்சதை எல்லாரும் பார்த்தோம். பழைய மடிக்கணினி நாலு உயிரோட இருந்தா நாலு பிள்ளைங்களுக்கு விசைப்பலகை கையில கிடைக்கும். புதுசா நாலு வாங்க நம்ம பக்கத்துச் சின்னக் கோயில்களுக்கு வழி இல்லை.

அதனால லினக்ஸ். எந்த லினக்ஸ் என்ற சண்டை வேண்டாம். எங்க கருத்து, லினக்ஸ் மின்ட். 4 ஜிபி நினைவகம் இருந்தா எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி இருந்தா சினமன் பதிப்பு. இடது பக்கம் கீழே மெனு இருக்கும், விண்டோஸ் பழகின கை தடுமாறாது. 2024 ஜூலையில் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு. உபுண்டுவும் நல்லதுதான், டெபியனும் நல்லதுதான். ஆனா எல்லாக் கோயில்லயும் ஒரே வகை இருந்தாதான் சபாக் பெர்ணத்துல கத்துக்கிட்ட பிள்ளை சுங்கை பெசார்ல வந்து உதவ முடியும். முதல்ல பென்டிரைவ்ல போட்டு, எதையும் அழிக்காம ஓட்டிப் பாருங்க. வைஃபை வருதா, பிரிண்டர் பேசுதான்னு பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்.

எல்லாம் சரியா ஓடும்னு சொல்ல மாட்டோம். பள்ளி வேலைக்கான டெலிமா உலாவியிலேயே ஓடும். ஆண்டுக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டிய கணக்கறிக்கையும் இணையத்துல போடறதுதான். அதுக்கு விண்டோஸ் தேவையில்லை. தொல்லை எங்கேன்னா, பாமினி. நம்ம பழைய அழைப்பிதழ், உறுப்பினர் பட்டியல், பூசை முறைப் பட்டியல் பாதி பாமினி எழுத்துருவுல அடிச்சது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில திறந்தா வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையா தெரியும். இது லினக்ஸோட குறை இல்லை. எழுத்துருவை மட்டும் நகல் எடுத்துப் போட்டா அங்கேயும் தெரியும். ஆனா எத்தனை நாளைக்கு? ஒரு தடவை உட்கார்ந்து யுனிகோடுக்கு மாத்திட்டா நிம்மதி. அதுக்கு ஓப்பன்-தமிழ் மாதிரி இலவசக் கருவிகளே இருக்கு. பேனர் அடிக்கிற கடைக்காரர் கோரல்டிராதான் வேணும்னு சொல்லுவார். அவருக்கு பிடிஎஃப் கொடுத்துப் பாருங்க, அதையும் மறுத்தா அந்த ஒரு வேலைக்கு மட்டும் விண்டோஸ் கணினி ஒன்னு இருந்துட்டுப் போகட்டும்.

இது வரைக்கும் சொன்னது சுலபமான பாதி. இனிமேல் சொல்றதுதான் எங்க உண்மையான கருத்து.

தமிழ்நாட்டுல எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தப்போ, சூசே லினக்ஸுக்கு மாறியது. அலுவலகத்துக்கும் பள்ளிகளுக்கும் லினக்ஸ் கணினிங்க போச்சு. பெரிய செய்தி அது. பிறகு அவர் மாற்றலாகிப் போனார். 2011-ல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினித் திட்டம் வந்தப்போ விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்துச்சு. பிள்ளைங்க எதைத் திறந்திருப்பாங்கன்னு சொல்லவே வேணாம். பக்கத்துக் கேரளாவைப் பாருங்க. 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கினாங்க, அதே வருஷம் திருவனந்தபுரத்துல கட்டற்ற மென்பொருள் அமைப்பின் இந்தியக் கிளையும் தொடங்கியது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடப் புத்தகத்தையும் தேர்வையும் லினக்ஸ் மேலேயே வச்சாங்க. அங்கே ஆட்சி எத்தனையோ தடவை மாறிடுச்சு, பள்ளியில லினக்ஸ் இன்னும் இருக்கு. ரெண்டு இடத்துலயும் மென்பொருள் ஏறக்குறைய ஒன்னுதான். ஒரு இடத்துல முடிவு மேலே இருந்து வந்தது, இன்னொரு இடத்துல வகுப்புல நிக்கிற டீச்சர் கையில இருந்தது.

நம்ம கோயில்ல நடக்கிறதும் முதல் வகைதான். ஆர்வமான ஒரு தம்பி வருவான், எல்லாத்தையும் போட்டுக் கொடுப்பான். ரெண்டு வருஷத்துல ஷா ஆலமோ சிங்கப்பூரோ வேலைக்குப் போயிடுவான். கடவுச்சொல்லும் அவனோட போயிடும். அவனைக் குறை சொல்லவே முடியாது, வயித்துப் பொழப்பு. அதனால ஒரு கோயிலுக்கு மூணு பேராவது கத்துக்கணும்னு சொல்றோம். ஒருத்தர் பொருளாளர் மாதிரி ஊரை விட்டுப் போகாத பெரியவர். ஒருத்தர் டியூஷன்ல படிக்கிற பொண்ணு. மூணாவது யாரா இருந்தாலும் சரி. மூணு பேரும் ஒரே நோட்டுப் புத்தகத்துல எழுதி வைக்கணும், கடவுச்சொல் செயலாளர் பீரோவுல இருக்கணும்.

அப்புறம் வெளியில இருக்கிற சமூகம். இதை நம்ம ஆளுங்க சுத்தமா கண்டுக்கிறதில்லை. லினக்ஸை எடுத்துக்கிட்டா அதோட ஒரு சபையும் சேர்ந்து வருது, அதுல உட்கார நமக்கும் இடம் இருக்கு. 2012-லிருந்து வர்ற கணியம் இதழ்ல எல்லாம் தமிழ்லயே இருக்கு. து. நித்யா எழுதின எளிய தமிழ் லினக்ஸ் நூலை இலவசமா இறக்கிக்கலாம். காஞ்சி லினக்ஸ் குழு, விழுப்புரம் லினக்ஸ் குழு ரெண்டும் வருஷக்கணக்கா நடக்குது. மீரா இனிமை என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கிக் கொடுத்தது மலையாளத் தன்னார்வலர்கள். அவங்க நமக்குச் செஞ்சிருக்காங்க! விண்டோஸ் 10 கணினியைத் தூக்கிப் போடாம லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் 'எண்ட் ஆஃப் 10' இயக்கமும் பல நாட்டுல இப்படித் தன்னார்வலர்களை வச்சுத்தான் நடக்குது.

மலேசியாக்காரன் இதுக்குப் புதுசு இல்லை. முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை இங்கேதான் செஞ்சார். 2001-ல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூர்ல நடந்துச்சு. ஆனா இன்னைக்கு மின்ட்டைத் தமிழுக்கு மாத்தினா பாதி மெனு தமிழ், பாதி ஆங்கிலம். முரசு அஞ்சல்ல அடிச்சுப் பழகின கைக்கு அங்கிருக்கிற ஒலிப்பு முறை சில இடத்துல இடறும், தமிழ்99 பழகினவங்களுக்குத் தொல்லை இல்லை. இதையெல்லாம் யாராவது எழுதிச் சொன்னாத்தான் திருத்துவாங்க. சிலாங்கூர்ல ஒருத்தரும் சொல்லலைன்னா, சிலாங்கூர்ல இதை யாருமே பயன்படுத்தலைன்னுதான் அங்கே நினைப்பாங்க. படிவம் அஞ்சு படிக்கிற பிள்ளை வாரத்துக்குப் பத்து சொல் மொழிபெயர்த்தாலே பெரிய வேலை. அதுக்குப் பட்டம் தேவையில்லை, நல்ல தமிழும் பொறுமையும் போதும்.

"கோயில் வேலை வேற, கணினி வேலை வேற"ன்னு போன கூட்டத்துல ஒரு ஐயா சொன்னார். மரியாதையோட மறுக்கிறோம். திருவிழாவுக்கு ஊரே கூடி அன்னதானம் செய்யுது, அரிசி கொடுத்தவர் ஒருத்தர், காய் நறுக்கினவங்க வேற ஆளு, பாத்திரம் கழுவினவங்க பேரு யாருக்கும் தெரியாது. இந்த மென்பொருளும் அப்படித்தான் உருவாகுது. இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாச்சு, ஒரு நாளாவது பரிமாறப் போகணும்ல?

கடைசியா, மாத்தறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது. எல்லாக் கோப்பையும் வெளி ஹார்ட்டிஸ்க்ல நகல் எடுங்க. பாமினி எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுங்க. கோயில்ல ஒரே ஒரு கணினிதான் இருந்தா திருவிழா மாசத்துல கை வைக்காதீங்க, எல்லாம் முடிஞ்சு ரசீதுக் கணக்கு ஒப்படைச்ச பிறகு பார்க்கலாம். சாமான் அறையில மூட்டை கட்டி வச்ச மடிக்கணினி எது இருந்தாலும் ஞாயித்துக்கிழமை காலைப் பூசை முடிஞ்சதும் எடுத்துட்டு வாங்க. சார்ஜரை மறக்காதீங்க. சார்ஜர் இல்லாம மூணு ஏற்கெனவே கிடக்கு.