வாரம் ஒரு பாட்டு

"முறையா சங்கீதம் படிக்காதவன் எப்படிடா மெட்டுப் போடுவே?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியலை. ஒரு சட்டம் மட்டும் போட்டுக்கொண்டேன். ஞாயிறு ராத்திரிக்குள் ஒரு பாட்டு முடியணும். நல்லா இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி!

பழைய கம்ப்யூட்டர், இலவசமாகக் கிடைக்கும் எல்.எம்.எம்.எஸ். மென்பொருள், ஒரு ஹெட்போன். இதுதான் ஸ்டுடியோ.

முதல் பாட்டு பம்புசெட் இரைச்சல் மாதிரி இருக்குதாம். அறையே சிரித்தது. ஏழாவது வாரம்தான் காரணம் பிடிபட்டது. டிரம்மும் பேஸும் ஒரே அதிர்வெண்ணில் மோதிக்கொண்டிருந்தன. பேஸின் அடிப்பகுதியை ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டினேன். டிரம் தனியாகக் கேட்டது. லேபில் போட்ட அதே ஃபில்டர்தான்! முதல் பாட்டையே இழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இது தெரிந்திருக்குமா?

ரோலண்ட் டி.பி.-303 என்ற கருவி, பேஸ் கிட்டாருக்குப் பதிலாக வந்து, விலைபோகாமல் 1984-ல் நின்றுபோனது. அதைப் பழைய விலைக்கு வாங்கிக் கண்டபடி திருகிப் பார்த்த சிகாகோ இளைஞர்களின் 'ஆசிட் டிராக்ஸ்' 1987-ல் வெளிவந்தது. ஒரு புது இசை வகையே பிறந்தது!

"இது சோறு போடுமாப்பா?" என்கிறார் அம்மா. போடாதும்மா. ஆனால் வீட்டிலே முதல் ஆளாகப் படிக்க வந்த எனக்கு ஒரு அரியர் விழுந்தாலே நெஞ்சு நடுங்கும். பயமில்லாமல் தப்புப் பண்ண எனக்கு இருக்கிற ஒரே இடம் இதுதான்.

நண்பா, உனக்கும் அப்படி ஒரு இடம் வேண்டாமா? வரும் ஞாயிறே தொடங்கு!