பகிர்வு வேறு, படி வேறு

எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆவணக் கோப்புறை அழிந்து நான்கு மாதங்கள் கழித்துத்தான் அது அழிந்த விடயமே எங்களுக்குத் தெரிந்தது. எவரும் ஊடுருவவில்லை, எவரும் சதி செய்யவில்லை. கோப்புறை முன்னாள் பொருளாளர் ஒருவரின் இலவசக் கணக்கில் இருந்தது. கணக்கில் இடம் நிறைந்து அவருக்கு மின்னஞ்சல் வருவது நின்றுபோனது. ஓய்வுபெற்ற மனிதர், வைத்தியசாலைத் தேதி மின்னஞ்சலில்தான் வரவேண்டும். மகள் வந்து உட்கார்ந்து, கோப்புகளை அளவுவாரியாக வரிசைப்படுத்தி, ஆகப் பெரியவற்றை அழித்துக் கொடுத்தார். ஆகப் பெரியவை எங்களுடையவை. பாடசாலை ஆண்டு மலர்கள், வாசிகசாலையின் கையெழுத்துச் சஞ்சிகை, 1960களிலிருந்து எடுத்த திருவிழாப் படங்கள். மூன்று பேர் இரண்டு குளிர்காலம் இருந்து ஸ்கான் செய்தவை.

மூலப் பிரதிகளை அப்போதே உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். "ஸ்கான் பண்ணியாச்சுதானே" என்று சிலர் வீடு மாறும்போது அவற்றை எறிந்தும் விட்டார்கள்.

அந்தக் கோப்புறையைத் திறக்க 62 பேருக்கு அனுமதி இருந்தது. முழுப் படி ஒருவரிடமும் இருக்கவில்லை. அந்த 62 பேரில் நானும் ஒருவன். கணினிதான் எனக்குச் சோறு போடுகிறது. நிறுவனங்களுக்குக் காப்புப்படி பற்றி மணிக்கணக்கில் விரிவுரை செய்து காசு வாங்குபவன், ஊரின் ஆவணத்துக்கு வட்ஸ்அப்பில் ஒரு பெருவிரலை உயர்த்திவிட்டுப் படுத்துக்கொண்டேன். ஆகவே இங்கே நான் திட்டுபவர்களில் முதல் ஆள் நான்.

கூகிள் ட்ரைவை எடுத்துக்கொள்வோம். தனிநபர் கணக்கில் 15 ஜிபி இலவசம். அந்த 15 ஜிபியைத்தான் ஜிமெயிலும் படங்களும் ட்ரைவும் பங்குபோடுகின்றன. கோப்புறையைப் பகிர்ந்தவுடன் அது பொதுச் சொத்தாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆகவில்லை. தனிநபர் கணக்கில் பகிர்ந்த கோப்புறைக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. சாதாரணமாக அதை ஏற்றியவர். ஐந்து பேர் ஏற்றினால் ஐந்து உரிமையாளர். உரிமையாளர் தன் கோப்பைக் குப்பையில் போட்டால் 30 நாள் அங்கே கிடக்கும், பிறகு எல்லோருக்கும் போய்விடும். அழிக்கக்கூட வேண்டாம், செத்துப்போனாலே போதும்: இரண்டு ஆண்டுகள் எவரும் தொடாத தனிநபர் கணக்கை உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நம்மிடையே பழைய மலர்களைச் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு என்ன வயது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இதற்காகக் கூகிளைத் திட்டிப் பயனில்லை. நிபந்தனையை எழுதித்தான் தந்தார்கள், வாசிக்காதது நாங்கள்.

சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியது ஒரே ஒரு ஏட்டை வைத்து அல்ல. பல இடங்களில் தேடிப் பெற்ற ஏடுகளை ஒப்பிட்டுத்தான். அதே ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும் அப்படித்தான். யாரென்று தெரியாத எத்தனையோ பேர் முன்பே பெயர்த்தெழுதி வைத்திருந்ததால் அவர்களுக்குத் தேடக் கிடைத்தது. ஒரு வீட்டு ஏட்டைக் கறையான் தின்றாலும் இன்னொரு வீட்டில் ஒன்று கிடந்தது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது திருவிழா நாதஸ்வரக் கச்சேரி ஒலிநாடாக்கள் வீடு வீடாகப் பிரதியாகிப் போனதும் அதே வழக்கம்தான். இரைச்சலோடுதான் கேட்டது, ஆனால் கேட்டது. இன்று நாம் அனுப்பும் இணைப்பு படி அல்ல. ஒரே வீட்டில் இருக்கும் ஒரே ஏட்டைப் போய்ப் பார்க்க 62 பேருக்குக் கொடுத்த விலாசம் அது.

இதைச் சொன்னால் எனக்கு வரும் முதல் பதில், "அண்ணை நம்பிக்கையான ஆள்" என்பது. மேற்படி பொருளாளரைவிட நம்பிக்கையான ஆளை நான் கண்டதில்லை. இருபது வருடக் கணக்கைச் சதம் பிசகாமல் ஒப்படைத்தவர். அவரது நேர்மைக்கும் அவருடைய ஜிமெயில் நிறைவதற்கும் என்ன தொடர்பு? அடுத்த பதில், நேரமில்லை, காசில்லை. ஆண்டு விழா மண்டபத்துக்கு முற்பணம் கட்டும் சங்கத்துக்கு இரண்டு வன்தட்டு வாங்கக் காசில்லை என்றால் நான் நம்பமாட்டேன். மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறோர் ஊரில்: என் தொழிலில் பாலபாடம் இவ்வளவுதான். சங்கத்தின் பெயரிலேயே கணக்குத் திறந்தால் பகிர்வு ட்ரைவில் கோப்புகள் நிறுவனத்துக்குச் சொந்தமாகும்; ஏற்றியவர் விலகினாலும் அவை இருக்கும். கனடாவிலும் பிரித்தானியாவிலும் தகுதியுள்ள தொண்டு நிறுவனங்கள் அதை இலவசமாகவே பெறலாம். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்கும் ஒரு படி கொடுக்கலாம். (சங்கம் இரண்டாக உடைந்தால் ட்ரைவ் யாருக்கு என்று ஒருவர் கேட்டார். படி எடுத்து வைத்திருந்தால் இரண்டு சங்கத்துக்கும்.)

படி பெருகினால் அந்தரங்கம் என்னாவது என்று கேட்பவர்களிடம்தான் எனக்குக் கொஞ்சம் மரியாதை. ஊரில் இன்னும் இருப்பவர்களின் வாக்குமூலங்களை எல்லா வீட்டிலும் வைக்க முடியாதுதான். அப்படியானால் அவற்றை "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று திறந்து வைத்திருப்பது ஏன்? பூட்ட வேண்டியதைத் திறந்துவிட்டு, பரப்ப வேண்டியதை ஒருவர் தலையில் கட்டியிருக்கிறோம்.

ஒவ்வொரு ஜூனிலும் 1981 பற்றி மேடையில் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். எரிந்த 97,000 நூல்கள் என்ற எண்ணைத் தூக்கத்திலும் சொல்லக்கூடிய நம் தலைவர்களிடம், உங்கள் சங்கக் கோப்புறையில் எத்தனை கோப்பு இருக்கிறது, அது யாருடைய கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள்.

எங்கள் கோப்புறையிலிருந்து இதுவரை மீண்டவை நான்கு படங்கள். ஸ்காபரோவில் ஓர் அம்மா தன் தமையனின் அந்தியேட்டிக் கல்வெட்டில் போடுவதற்காக அவற்றை இறக்கி, அச்சடித்து, முந்நூறு பேருக்குக் கொடுத்திருந்தார். ஒன்றில் தேர்வடம் பிடித்து நிற்பவர்களில் என் அப்பப்பா இருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் குழு புதுக் கோப்புறை ஒன்றைத் திறந்து குழுவில் இணைப்பை அனுப்பியது. செயலாளரின் சொந்தக் கணக்கு. இரவுக்குள் 38 பெருவிரல்கள். உள்ளே இருந்தவை அந்த நான்கு படங்கள் மட்டுமே. இறக்கி வைத்துக்கொண்டேன்.