ஞாயிறு இல்லாத ஐந்தரை ஆண்டுகள்

1966 ஜனவரியில் இலங்கையின் ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாகிவிட்டது. டட்லி சேனநாயக்க அரசு வார விடுமுறையைப் போயா தினங்களுக்கு மாற்றியது. பௌர்ணமி, அமாவாசை, இடையில் வரும் இரண்டு அட்டமிகள், இவையே விடுமுறை நாட்கள். போயாவுக்கு முந்திய நாள் அரைநாள் லீவு. நிலவின் கணக்கு ஏழுக்குள் அடங்காது என்பதால் சில வாரங்களுக்கு ஏழு நாள், சில வாரங்களுக்கு எட்டு நாள். கோட்டையில் கந்தோருக்குப் போன கிறிஸ்தவ லிகிதர் விடியற்காலைப் பூசையைக் கண்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடினார். முடியாதவர் வேலை விட்டபின் மாலையில் கோவிலுக்குப் போனார்.

1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு ஞாயிற்றைத் திருப்பிக் கொடுத்தது. உலகமெல்லாம் ஒரு நாட்காட்டியிலும் கொழும்பு வேறொரு நாட்காட்டியிலும் நடந்ததால் வங்கியும் வர்த்தகமும் பட்ட பாடுதான் அதற்கு முக்கிய காரணம். பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாக நிலைத்தது. ஆக, கிறிஸ்தவர்களின் ஞாயிறு தேவாலயத்துக்காகத் திரும்பி வரவில்லை. வங்கிக்காக வந்தது.

இந்த ஐந்தரை ஆண்டுகளை இன்றைய கிறிஸ்தவ இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மதச்சார்பற்ற உலகில் விசுவாசத்தோடு வாழ்வது எப்படி என்று மேடைகளில் பேசும்போது பெரும்பாலும் ஐரோப்பாதான் உதாரணமாகிறது. அங்கே ஆலயங்கள் காலியாகின்றன, நம்பிக்கை தேய்கிறது என்கிறார்கள். கொழும்பின் நிலைமை அதுவல்ல. இலங்கை மதச்சார்பற்ற நாடும் அல்ல. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை அதைத் தொடர்ந்தது. அதே அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் உறுதி செய்கிறது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு ஏழு எட்டுப் பேராக இருக்கும் கிறிஸ்தவர்கள் இந்த இரண்டு உறுப்புரைகளுக்கும் நடுவில்தான் குடியிருக்கிறார்கள்.

கொழும்பின் கொம்பனித்தெருவில் நடந்து பார்த்தால் அந்த வாழ்க்கை புரியும். மலாய்க்காரர்களின் வேகந்தைப் பள்ளிவாசல், சிவசுப்பிரமணிய சுவாமி கோவில், கத்தோலிக்க ஆலயம், பேரே வாவிக்கரையில் கங்காராம விகாரை, எல்லாமே நடந்து போகும் தூரம். இங்கே கிறிஸ்தவரின் அயலவர் கடவுளை மறுப்பவராக இருப்பது அரிது. வேறு விதமாக வணங்குபவராகத்தான் இருப்பார்.

கிறிஸ்தவர்கள் தங்கள் வரலாற்றையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் அரச உத்தியோகம் வேண்டுமென்றால் சீர்திருத்தத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற வேண்டியிருந்தது. கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது. 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய யோசேப்பு வாஸ் அடிகளார் பின்னர் கண்டிக்குப் போனார். உளவாளி என்ற சந்தேகத்தில் முதலில் சிறை. பிறகு அதே பௌத்த மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைத் தன் இராச்சியத்தில் சுதந்திரமாகப் பணியாற்ற விட்டான். கிறிஸ்தவ அரசு துரத்திய குருவுக்குப் பௌத்த அரசு இடம் கொடுத்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி, கொம்பனித்தெருவுக்குப் பக்கத்திலுள்ள காலி முகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அந்த மன்னனுக்கும் மனத்துக்குள் ஒரு நன்றி சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு விடுமுறையும் ஆட்சியாளரின் மதம் கொடுத்த சலுகைதான். 1883இல் உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலமொன்றின்மீது கத்தோலிக்கர்கள் தாக்குதல் நடத்திக் கலவரம் மூண்டது. நீதி கிடைக்கவில்லை என்ற பௌத்தர்களின் கொதிப்பு, அவர்களுக்காக வாதாடிய அமெரிக்கர் கேர்ணல் ஒல்கொட்டை லண்டன் வரை கொண்டுபோனது. 1885இல் வெசாக் அரச விடுமுறையானது. பிரித்தானிய ஆட்சியில் பௌத்தர்கள் தங்கள் பெருநாளுக்கு ஒரு லீவு வாங்கவே இத்தனை போராட வேண்டியிருந்தது. அந்த வலி தெரிந்தவர்களுக்கு 1966 எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கும். சரியென்று ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும் விளங்கும்.

போயா விடுமுறைக் காலத்தின் மிகச் சிறந்த கிறிஸ்தவ உதாரணம் ஒரு குருவானவரல்ல. தந்தை செல்வா. எஸ். ஜே. வி. செல்வநாயகம் கிறிஸ்தவர், அவரை நம்பி நின்ற மக்களில் பெரும்பாலோர் சைவர்கள். 1952இல் காங்கேசன்துறையில் தோற்ற அவரை, அதே தொகுதி 1956 முதல் கடைசிவரை விடாமல் தேர்ந்தெடுத்தது. 1965இல் அவரது தமிழரசுக் கட்சி டட்லி அரசில் பங்கேற்றது. ஞாயிறு விடுமுறை போனது அந்த அரசின் காலத்தில்தான். அக்கட்சி அரசை விட்டு வெளியேறியது 1968இல். டட்லி தந்த மாவட்ட சபை வாக்குறுதி கைவிடப்பட்ட கசப்பு இருந்தது. ஆனாலும் உடனடிக் காரணம், திருகோணமலைக் கோணேஸ்வரச் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராய அக்கட்சியின் அமைச்சர் மு. திருச்செல்வம் நியமித்த குழுவைப் பிரதமர் நிறுத்திவைத்தது. கிறிஸ்தவர் தலைமை தாங்கிய கட்சி ஒரு சிவன் கோவிலின் பொருட்டு ஆட்சியைத் துறந்தது. தன் மதத்துக்கு எது கிடைக்கும் என்று கணக்குப் பார்க்காமல் அயலவரின் நியாயத்துக்காக நிற்பது கிறிஸ்தவ வாழ்வின் சாட்சியம் இல்லையென்றால் வேறு எதைச் சாட்சியம் என்பது?

2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஹோட்டல்கள். கொம்பனித்தெருவை ஒட்டிய ஷங்ரி-லாவும் அவற்றில் ஒன்று. இஸ்லாமியத் தீவிரவாதிகளின் தற்கொலைக் குண்டுகளில் 260க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் மெழுகுதிரி ஏற்றும் கொச்சிக்கடைக் கோவிலே இரத்தத்தில் தோய்ந்தது. கர்தினால் மல்கம் ரஞ்சித் முஸ்லிம்கள்மீது கைவைக்கக் கூடாதென்று திரும்பத் திரும்பக் கேட்டார். கத்தோலிக்கர் நிறைந்த நீர்கொழும்பிலேயே மே மாத ஆரம்பத்தில் முஸ்லிம் வீடுகள் தாக்கப்பட்டன என்பதும் உண்மை. அடுத்த ஆண்டு கொவிட் காலத்தில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்தார்கள். அந்த உத்தரவு 2021 பெப்ரவரி வரை நீடித்தது. அதற்கு எதிராகக் குரல் கொடுத்த கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். இன்னும் அதிகம் பேர் குரல் கொடுத்திருக்க வேண்டும். உயிர்த்த ஞாயிறு வழக்கில் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்தச் சொன்னது. நீதிக்காக இத்தனை காலம் காத்திருக்கும் ஒரு சமூகத்துக்கு இன்னொரு சமூகத்தின் காத்திருப்பு புரியாமல் போகக் கூடாது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையைச் சட்டம் பறிக்கவில்லை. சந்தை பறிக்கிறது. சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு ஞாயிறு காலை என்றால் டியூஷன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பூசைக்குப் போகும் தாய் தனியாகப் போகிறாள். பிள்ளை புத்தகப் பையோடு வேறு திசையில் நடக்கிறது. கொம்பனித்தெருவில் எழும்பிய உயர்மாடிகளின் கடைகளிலும் ஹோட்டல்களிலும் காவலாளியாகவும் காசாளராகவும் நிற்பவர்களில் மலையகத்திலிருந்து வந்த கிறிஸ்தவ இளைஞர்களும் உண்டு. 1954ஆம் ஆண்டு கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை தருகிறது. அது ஞாயிறாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. கிறிஸ்தவ முதலாளியின் கடையிலும் இந்தப் பிள்ளைகளுக்கு ஞாயிறில் ‘டியூட்டி’ போடப்படுகிறது என்பதுதான் வேதனை.

இந்த நாட்டில் ஞாயிறு கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. பௌத்தப் பிள்ளைகளின் தஹம் பாசலும், இந்துப் பிள்ளைகளின் அறநெறிப் பாடசாலையும், முஸ்லிம் பிள்ளைகளின் அஹதிய்யாவும், கிறிஸ்தவப் பிள்ளைகளின் மறைக்கல்வியும் பெரும்பாலும் ஞாயிறு காலையில்தான் நடக்கின்றன. நான்கு மதங்களும் ஒரே டியூஷன் வகுப்பிடம் தோற்கின்றன. ஆயர்களும் மகாநாயக்கர்களும் இதைத் தனித்தனியே சொல்லி வருகிறார்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே கோரிக்கையாக வைக்க வேண்டும். ஞாயிறு நண்பகல்வரை தனியார் வகுப்புகள் இல்லை என்பதே அந்தக் கோரிக்கை. அதோடு ஊழியர் கேட்கும் வழிபாட்டு நேரத்தையும், அது வெள்ளிக்கிழமை ஜும்ஆவாக இருந்தாலும் ஞாயிறு பூசையாக இருந்தாலும், வேலை கொடுப்பவர் தர வேண்டும் என்பதைச் சேர்க்கலாம்.

பாராளுமன்றம் சட்டம் போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொழும்பில் கடையோ கம்பனியோ நடத்தும் கிறிஸ்தவர்கள் இந்த மாதமே தங்கள் ‘ரோஸ்டரை’ எடுத்துப் பார்க்கலாம். முஸ்லிம் ஊழியருக்கு வெள்ளி மதியம், கிறிஸ்தவ ஊழியருக்கு ஞாயிறு காலை, பௌத்த ஊழியருக்குப் போயா, சைவ ஊழியருக்கு அவர் கேட்கும் விரத நாள் என்று அட்டவணையை மாற்றி எழுத ஒரு பின்னேரம் போதும்.