செங்கால் நாரைக்குச் சாட்சி

மாரி மழை சற்று விட்டிருந்த ஒரு காலை, மாவடிப்பள்ளி வட்டையில் தன் வாப்பா செங்கால் நாரை கண்டதாக மாணவனொருவன் வந்து சொன்னான். "அது பாட்டில்தான் வரும், தம்பி" என்று சிரித்துவிட்டேன். சத்திமுற்றப் புலவர் பாட்டை முப்பது ஆண்டு கற்பித்த வாய் அது!

சிரித்தது பிழை. செங்கால் நாரை இலங்கைக்கு மாரியில் எப்போதோ வந்து சேரும் அரிய விருந்து. ஆயினும், கேட்டவுடன் நம்பியிருந்தால் அதுவும் பிழையே. இங்கு நாம் அடிக்கடி காணும் மஞ்சள் மூக்கு நாரைக்கும் காலில் செம்மை உண்டு. ஆகவே கால் மட்டும் சாட்சியாகாது. அலகைக் கேட்க வேண்டும். அதுவும் சிவப்பா? தலையை வெள்ளை இறகு மூடியிருந்ததா, அன்றி இறகின்றிச் செம்மஞ்சளாய் இருந்ததா? புலவர் காலோடு நில்லாது அலகுக்கும் உவமை தேடியதன் அருமை எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

1943இல் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகம் இத்தகைய காட்சிகளைக் குறித்து வருகிறது. ஹென்றியார் 1955இல் வெளியிட்ட பறவை நூலும் உண்டு. இரண்டும் ஆங்கிலம். வயல் வரம்பில் நிற்பவரோ தமிழ் பேசுபவர். அவர் 'நாரை' என்றால் நாலைந்து பறவைகள் அதற்குள் அடங்கிவிடுகின்றன. பெயர் பிரியாத இடத்தில் சாட்சி நில்லாது. அப்பெயர்களைப் பிரித்துக் கற்பிப்பது தமிழாசிரியர் கடனன்றி வேறு யார் கடன்?

மறுநாள், அலகின் நிறத்தைக் கேட்டு வரும்படி பையனை அனுப்பினேன். "சேர் சிரித்தாராமே" என்பதே வாப்பாவின் மறுமொழி.