வெயிலின் கடுமையை வெப்பமானி மட்டும் சொல்லாது

“இன்று 32 டிகிரிதானே, ஓடலாம்!” பள்ளித் திடல்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சிங்கப்பூரில் அந்த ஓர் எண்ணை மட்டும் நம்பிப் பயிற்சியில் இறங்குவது ஆபத்தானது என்பேன்.

வியர்த்தால் மட்டும் உடல் குளிர்ந்துவிடாது. வியர்வை ஆவியாக வேண்டும். 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிவிடும். சட்டை நனையும், உடல் குளிராது.

ஈரப்பதத்தையும் வெயிலையும் கணக்கில் கொள்ளும் அளவுதான் ‘டபிள்யூபிஜிடி’. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவில் 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பநிலையில் 20 விழுக்காடு, காற்றின் வெப்பநிலையில் 10 விழுக்காடு. இம்மூன்றின் கூட்டுத்தொகை அது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பிற்பகல் ஒன்றில் இவை முறையே 28, 45, 32 என்று வைத்துக்கொள்வோம். விடை 31.8. வறண்ட பாலைவன ஊரில் 20, 50, 38 என்றால் 27.8தான். அங்கே காற்று 6 டிகிரி கூடுதல் சூடு. ஆனாலும் ஓடுபவரின் உடலுக்கு நம் திடல்தான் கடினம்!

2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது; 1983ஆம் ஆண்டின் உச்ச அளவை அது எட்டிப்பிடித்தது. அதே ஆண்டு ஜூலையில் டபிள்யூபிஜிடி அடிப்படையிலான ஆலோசனை முறை இங்கு அறிமுகமானது. 31க்குக் கீழ் ‘குறைவு’. 31 முதல் 33க்குள் ‘மிதம்’. 33ஐத் தொட்டால் ‘உயர்வு’. மைஇஎன்வி செயலியில் அருகிலுள்ள நிலையத்தின் அளவைப் பார்க்கலாம்.

ஆசிரியரின் கைப்பேசியில் மட்டும் அந்த எண் இருந்தால் போதாது. திடலோரப் பலகையில் எழுதிவையுங்கள். அப்போதுதான், தலைசுற்றுகிறது என்று ஒரு மாணவர் ஒதுங்கும்போது “சோம்பேறி” என்று கேலி செய்யும் வாய்கள் கொஞ்சம் அடங்கும். இந்தக் கேலி எனக்கு வெயிலைவிட அதிகக் கவலை தருகிறது. பயந்து ஓடுபவர்தான் கடைசியில் விழுகிறார்.

பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் கூடுதல் கவனம் வேண்டும். உடல் வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். குளிரூட்டிய அறையில் மாதம் முழுக்க இருந்தவரை முதல் நாளே 2.4 கிலோமீட்டர் வேகமாக ஓடச் சொல்வது நியாயமா?

சக மாணவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே 995ஐ அழையுங்கள். மருத்துவ வாகனம் வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.